பழைய பதிப்பின் கலனுக்கு இன்றைய எலக்ட்ரோடு

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) கலன் விதித்தொகுப்பின் பழைய பதிப்பின்படி கட்டப்பட்ட கார்பன் எஃகு அழுத்தக் கலன் ஒன்றின் வெல்டிங் இணைப்பைச் சீர்செய்தபோது, இன்றைய பதிப்பின்படி தயாரிக்கப்பட்ட ஈ7018 வகை எலக்ட்ரோடை (வெல்டிங்கில் உருகி இணைப்பை நிரப்பும் பூச்சிட்ட கம்பி) ஏற்க ஆய்வாளர் தயங்கினார். அவருடைய தயக்கம் நியாயமானதே. அந்த எலக்ட்ரோடு தரும் வெல்டிங் உலோகத்தின் குறைந்தபட்ச இழுவலிமை (இழுத்தால் அறுபடாமல் தாங்கும் அளவு) முன்பு 72 கே.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு என்ற அலகு) ஆக இருந்து, பின்னர் 70 ஆகக் குறைக்கப்பட்டது. வகைப்பெயர் மாறவில்லை என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது என்பதால், எங்களிடமிருந்த லாட் (ஒரே தொகுதியாகத் தயாரான எலக்ட்ரோடுகள்) எண்ணுக்குரிய சோதனை அறிக்கையை உற்பத்தியாளரிடம் கேட்டுப் பெற்று, அளந்த வலிமை 72-ஐத் தாண்டியிருந்ததைக் காட்டினேன். எலக்ட்ரோடு வகையைக் குறிக்கும் எஃப் எண் 4, வெல்டிங் உலோகத்தின் வேதிச்சேர்க்கையைக் குறிக்கும் ஏ எண் 1 ஆகிய இரண்டும் மாறாததாலும், 1962ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் தகுதிபெற்ற வெல்டிங் செயல்முறைகளை அதே விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவு (வெல்டிங் தகுதிச் சோதனைகளுக்கானது) ஏற்பதாலும், எங்கள் செயல்முறையைச் சோதித்து மீண்டும் தகுதிப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளரின் ஒப்புதலை எழுத்தில் பெற்ற பிறகே வெல்டிங்கைத் தொடங்கினோம்.