ஒரு ஏக்கர் வரப்பில் பலவகை மரம்: எதை எந்தப் பக்கம் நடுவது?

சதுரமான ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்தின் வரப்பு சுற்றிலும் ஏறத்தாழ 835 அடி. பத்தடிக்கு ஒன்று வைத்தால் சுமார் 83 மரம். அத்தனையும் தேக்காக நட்டுவிடுகிறவர்கள் அதிகம். நீர் தேங்கும் களிமண்ணில் தேக்கு குச்சியாகவே நிற்கும். மஹோகனி மட்டும் நட்டாலோ, நுனித்தண்டைத் துளைக்கும் புழு வரிசையாகப் பரவி, நேராக வளர வேண்டிய மரம் கவட்டை விட்டுவிடும். எந்த வகையும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

அடுத்து திசை. ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நிழல் வடக்கே விழும். வயலில் பயிர் நிற்பதும் அப்போதுதான். ஆகவே தெற்கு வரப்பில் அகத்தி, முருங்கை, கிளைரிசிடியா என வெட்ட வெட்டத் தழைப்பவை போதும். ஆட்டுக்கும் தழையுரத்துக்கும் ஆகும். அடர்ந்து படரும் புங்கன், நாவல் வடக்கே. அவற்றின் நிழல் பக்கத்து நிலத்தில் விழும், அதனால் பக்கத்துக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். கிழக்கிலும் மேற்கிலும் நிழல் காலை மாலையோடு சரி. தடி மரங்களுக்கு அதுவே இடம்: செம்மண்ணில் குமிழ், வேங்கை, தேக்கு, கரிசலில் வாகை, வேம்பு.

சந்தனம் பிற செடிகளின் வேரில் ஒட்டி உணவெடுக்கும். பக்கத்தில் துவரையோ அகத்தியோ இல்லாவிட்டால் மஞ்சளித்துப்போகும். வெட்ட வனத்துறை அனுமதியும் வேண்டும்.

நாற்று ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். நான்கடி நாற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். பைக்குள் ஆணிவேர் சுருண்டிருக்கும். அப்படி நட்ட மரம் பல ஆண்டு கழித்து, நன்றாக வளர்ந்த பிறகுகூடக் காற்றில் சாயும். நடும்போது பையின் அடியில் ஓர் அங்குலத்தைப் பிளேடால் மண்ணோடு அறுத்தெறிந்து, பிறகு பையை உரியுங்கள்.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். ஆடியில் தோண்டி ஆறப்போடவும். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் 5 கிலோ, கறையானுக்கு வேப்பம்புண்ணாக்கு 200 கிராம் கலந்து நிரப்பி, புரட்டாசி, ஐப்பசியில் மண் நன்றாக நனைந்த பிறகு நடவும். மார்கழிக்குத் தள்ளினால் வேர் பிடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். சரிவில் பள்ளப் பக்கம் பிறை வடிவக் கரை போடுங்கள். முதல் கோடையில் வாரம் 10 லிட்டர் தண்ணீர் விட்டு, சருகு மூடாக்கும் இடுங்கள். சருகு தண்டைத் தொட்டால் கறையான் ஏறும். நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும்.

தடி மரத்தில் பக்கக் கிளை கட்டைவிரல் பருமன் ஆவதற்குள் கவாத்து செய்தால் காயம் சீக்கிரம் மூடும். மரத்தின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் கழியுங்கள். அதற்கு மேல் போனால் தண்டு பருக்காது.

மூன்றாம் ஆண்டில் மரத்திலிருந்து 3 அடி தள்ளி, வயல் பக்கமாக ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுங்கள். பக்கவேர் பயிருக்குள் நுழையாது, மழைநீரும் நிற்கும். ஆண்டுதோறும் தூர்வாரும்போது, குறுக்கே நீண்டிருக்கும் வேர்களை வெட்டிவிடவும்.