இலங்கை மலையகத்தில் சமூக சேவையைத் தொழிலாக்கிக்கொள்வது எப்படி?

ஏ.எல். (உயர்தரம்) முடித்துவிட்டு "மக்களுக்குச் சேவை செய்கிற வேலை வேண்டும்" என்று வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சி.வி. கேட்பதில்லை. இதுவரை யாருக்காவது ஃபோம் நிரப்பிக் கொடுத்திருக்கிறீர்களா என்றுதான் கேட்பேன்.

முதல் படி அதுதான். உங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகள்) வேலையிலிருந்து நின்ற ஒரு பாட்டி இருப்பார். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுக்கலாம். ஆனால் பாட்டியின் பிஸ்கட் டின்னைத் திறந்து, ஷொப்பிங் பேக்கில் சுற்றிய காகிதங்களைப் பிரித்தால், அடையாள அட்டையில் லெட்சுமி, செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) லச்சுமி, பிறப்புச் சான்றிதழில் இலட்சுமியம்மா! மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட ஜே.பி.யிடம் (சமாதான நீதவான்) சத்தியக் கடதாசி, தோட்டத்து ஆபீசில் கடிதம் என்று அலைய வேண்டும். ஒருமுறை கூடவே போய் வாருங்கள். "நாளைக்கு வாங்க" என்பதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, எரிச்சலுக்கு நடுவிலும் அடுத்து யாரைப் பார்க்கலாம் என்று மனம் ஓடினால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். ஓடவில்லையா? இப்போதே தெரிந்தது நல்லது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, சிங்களம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, சரி. ஆனாலும் லயத்துக்கு வரும் கடிதம் பல நேரம் சிங்களத்தில்தான் இருக்கும். கடைத்தெருச் சிங்களம் போதாது, அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்லத் தெரிய வேண்டும். என் முதல் நேர்முகப் பரீட்சையில் இரண்டாவது கேள்விக்கே வாயடைத்துப் போன அனுபவத்தில் சொல்கிறேன். அரசகரும மொழிகள் திணைக்களம் வகுப்புகள் நடத்துகிறது, விசாரியுங்கள்.

அப்புறம், அரச வேலைக்கு வெள்ளிக்கிழமை வரும் அரச வர்த்தமானியை (கெசட்) பாருங்கள், இணையத்தில் இலவசம். கிராம உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர் எதுவானாலும் தகைமை, வயதெல்லை, முடிவுத் திகதி மூன்றையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். போட்டிப் பரீட்சைக்குக் காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். ஹட்டனில் திறந்த பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. சமூகப்பணியிலேயே பட்டம் வேண்டுமென்றால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தை விசாரிக்கலாம்.

தொண்டு நிறுவனம் என்றால் சேரும் முன் வாய்விட்டுக் கேளுங்கள்: புரொஜெக்ட்டுக்கு எத்தனை வருடப் பணம் இருக்கிறது? எனக்கு ஈ.பி.எஃப். கட்டுவீர்களா? மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து மேல்டிவிஷனுக்கு (மேற்பிரிவு) ஆட்டோக் காசு யார் தருவது? அடுத்தவர் ஈ.பி.எஃப்.புக்காக ஓடிவிட்டு, தன் கணக்கில் ஒன்றுமில்லாமல் நிற்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

சி.வி.யில் "சமூக ஆர்வலர்" என்று எழுதாதீர்கள். எத்தனை பேருக்கு என்ன காகிதம் எடுத்துக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

வேலை கிடைத்ததும் முதல் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்துவிடாதீர்கள், எல்லோரும் தேயிலை மலையில் நிற்பார்கள். கொழுந்து நிறுத்து, பிள்ளை மடுவத்திலிருந்து (பிள்ளை பராமரிப்பு நிலையம்) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து, தேத்தண்ணி குடித்த பிறகுதான் பேசவே முடியும். திரும்பும்போது இருட்டிவிடும். டோர்ச், குடை, காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு ஒரு துண்டு சவர்க்காரம்.