கியர் ஆயில் மாற்றும் முன், ஊற்றுகிற பிளக் கழலுமா என்று பாருங்கள்

ஒரு சனிக்கிழமை மாலை தொடங்கி அடுத்த புதன்கிழமை வரை என் மியாட்டா கார் நான்கு ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் அந்தரத்தில் நின்றது. கியர்பாக்ஸில் எண்ணெய் கிடையாது. அடியில் இருக்கும் ட்ரெய்ன் பிளக்கைக் கழற்றி, பழைய ஆயிலை எல்லாம் தட்டில் இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, சரி, புது ஆயில் ஊற்றலாம் என்று பக்கவாட்டில் இருக்கும் ஃபில் பிளக்குக்குப் போனேன். அது அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். 'சரக்' என்று ஒரு சத்தம். பிளக் கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். கழன்றது பிளக் இல்லை, அதன் முனைகள். அறுகோணமாக இருந்த தலை கிட்டத்தட்ட வட்டமாகிவிட்டது.

எண்ணெய் இல்லாத கியர்பாக்ஸோடு வண்டியை எங்கும் ஓட்டிப்போக முடியாது. உள்ளே ஊற்றவும் வழியில்லை. கடைசியில் வீட்டுக்கே வந்து வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர், சற்றுச் சின்ன அளவு சாக்கெட்டை அந்த உருண்ட தலையின் மேல் சுத்தியலால் அடித்து இறக்கி, நீளக் கம்பி போட்டுத் திருப்பினார். இரண்டே நிமிடம். "ஊத்துற பிளக்க மொதல்ல தெறக்கணும்" என்று எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த நான்கு நாளும் அந்தப் பணமும் மிச்சம்.

என்னுடையது 1999 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்றால்தான் தெரியும். 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்த இரண்டு பேர் வண்டியின் இரண்டாம் தலைமுறை; என்பி என்று சொல்வார்கள். இந்த வண்டி வேகத்துக்குப் பேர்போனது அல்ல. இதன் பாதி சுகம் அந்தக் குட்டி கியர் லீவரில் இருக்கிறது. மணிக்கட்டை அசைத்தால் போதும், கியர் விழுந்துவிடும். அதனால் கியர் ஆயில் கெட்டாலும், தப்பான ஆயிலை ஊற்றினாலும், உள்ளங்கைக்கு உடனே தெரிந்துவிடும். நான் சொல்லப்போவதெல்லாம் இந்த வண்டியை வைத்துத்தான். டொயோட்டா 86, ஹோண்டா எஸ்2000 வைத்திருப்பவர்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான்; அளவும் ஆயிலும் மட்டும் மாறும்.

வேலை என்று பார்த்தால் ஒரு மணி நேரம்கூட இல்லை. திற, வடி, மூடு, ஊற்று, மூடு. கெடுவதெல்லாம் பெரும்பாலும் வண்டிக்கு அடியில் போவதற்கு முன்பே, எதை முதலில் செய்வது, எதை வாங்குவது என்கிற இடத்திலேயே கெட்டுவிடுகிறது.

பிளக்கும் சாக்கெட்டும்

ஃபில் பிளக்கை முதலில் இளக்கிப் பார்த்துவிட்டுத்தான் ட்ரெய்ன் பிளக்கைத் தொட வேண்டும். ஃபில் பிளக் பிடிவாதம் பிடித்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிடலாம். பழைய ஆயில் உள்ளேயே இருக்கிறது, திங்கட்கிழமை ஆபீசுக்கு அதே வண்டியில் போகலாம். முந்தின நாள் இரவே இரண்டு பிளக்கிலும் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வையுங்கள். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பெட்டியில் கிடக்கிறதே என்று பன்னிரண்டு முனை சாக்கெட்டைப் போட்டதுதான் என் பிளக்கை உருட்டியது. அது பிளக்கின் முனைகளை மட்டும்தான் கவ்வும். ஆறு முனை சாக்கெட் பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கும். வாயை அகலமாக்கிக் கூட்டிக் குறைக்கிற ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் பிளக்கைத் திருப்பும்போது எந்தப் பக்கம் கழற்றுவது, எந்தப் பக்கம் முடுக்குவது என்று மூளை குழம்பும். பிளக்கின் தலை உங்களைப் பார்த்தபடி இருப்பதாக நினைத்துக்கொண்டு இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கழற்றுவதாக நினைத்து இன்னும் முடுக்கிவிட்டு, "என்ன இது, இப்படி இறுகியிருக்கிறது" என்று அலுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

முன்பக்கம் மட்டும் தூக்குவது

எஞ்சின் ஆயில் மாற்றிப் பழகியவர்கள் முன்பக்கத்தை மட்டும் ஜாக் போட்டுத் தூக்கிக்கொண்டு நுழைந்துவிடுவார்கள். எஞ்சினுக்கு அது ஓடும். அளவுகோல் குச்சி இருக்கிறது, வண்டியை இறக்கிய பிறகு அளந்துகொள்ளலாம். இந்த கியர்பாக்ஸில் குச்சி கிடையாது. ஃபில் பிளக் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் வந்து, மெல்ல வழியத் தொடங்கினால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் துளையேதான் அளவுகோல். வண்டி சாய்ந்திருந்தால் அளவுகோலும் சாய்ந்திருக்கிறது. வழிந்ததை நம்பி மூடினால் அளவு கூடவோ குறையவோதான் இருக்கும். ஆகவே நான்கு சக்கரமும் தரையை விட்டு ஒரே மட்டத்தில் ஏற வேண்டும்.

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. அது தூக்குவதற்கான சாமான், தாங்குவதற்கானது அல்ல. வெயில் காலத்தில் தார் போட்ட டிரைவ்வேயில் வேலை செய்தால் ஸ்டாண்டின் கால்கள் மெதுவாகத் தாரில் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஒட்டுப்பலகைத் துண்டு வையுங்கள்.

ஆயில் சூடாக இருந்தால் நன்றாக வடியும் என்பது சரிதான். அதற்காக அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நேரே அடியில் போனால், பக்கத்தில் ஓடும் சைலன்ஸர் குழாய் முழங்கையைப் பதம் பார்த்துவிடும். பத்து நிமிடம் ஓட்டி, ஒரு காபி குடித்துவிட்டு, பிறகு போனால் போதும்.

ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-க்கு அண்ணன் அல்ல

எல்லோரும் சறுக்குகிற இடம் ஆயில் வாங்குவதுதான். கியர் ஆயில் பாட்டிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று ஒரு குறி இருக்கும். 4-ஐ விட 5 பெரியது, ஆகவே உயர்ந்தது என்று நினைத்துக்கொண்டு ஜிஎல்-5 பாட்டிலை எடுத்துவிடுகிறோம். அது தர வரிசை இல்லை. எந்த மாதிரி கியருக்கு என்கிற வகைப்பாடு.

ஜிஎல்-5 முக்கியமாகப் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கானது. அங்கே பற்கள் ஒன்றின் மேல் ஒன்று பலமாக அழுந்தி வழுக்கிக்கொண்டே போகும். உலோகத்தோடு உலோகம் உரசிப் பிய்ந்துபோகாமல் இருக்க, கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானத்தை அதில் தாராளமாகப் போடுகிறார்கள். ஜிஎல்-4-இல் அது ஏறக்குறைய பாதிதான்.

கியர்பாக்ஸுக்குள் கதை வேறு. ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ வளையம். பெரும்பாலும் பித்தளை. அது எதிரில் இருக்கும் கூம்பின் மேல் அழுந்தி, உரசி, பிடித்து நிறுத்த வேண்டும். குட்டி பிரேக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும்? ஆயில் அளவுக்கு மேல் வழுக்கினால் வளையம் பிடிக்காது, கியர் 'கர்ர்' என்று கத்தும். பழைய ஜிஎல்-5 ஆயில்களில் இருந்த கந்தகம் பித்தளையை அரிக்கும் என்கிற பயம் தனி. இன்றைய ஆயில்களில் அதற்குத் தடுப்பு சேர்க்கிறார்கள் என்பதால் அந்தப் பயம் குறைந்திருக்கிறது. வழுக்கல் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்த வண்டியின் கையேட்டில் மாஸ்டா இரண்டையுமே அனுமதிக்கிறது. ஜிஎல்-5 ஊற்றினால் நாளைக்கே பெட்டி உடைந்துவிடாது. ஆனால் இரண்டையும் ஊற்றி ஓட்டியவன் என்கிற முறையில் என் ஓட்டு ஜிஎல்-4 சிந்தெடிக் 75டபிள்யூ-90-க்குத்தான் (இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்பவை). நியூ ஜெர்சியில் ஜனவரி காலை ஏழு மணிக்கு இரண்டாவது கியர் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பழைய மியாட்டாக்களில் முதல் சில நிமிடங்கள் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது ஊரறிந்த விஷயம். நல்ல ஜிஎல்-4 அதை அடியோடு போக்காது; பாதியாவது குறைக்கும்.

பாட்டிலின் பின்பக்கத்தையும் படியுங்கள். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு என்று எழுதியிருந்தால் அதில் வழுக்கலைக் கூட்டுகிற இன்னொரு சேர்மானமும் இருக்கும். கியர்பாக்ஸுக்கு அது வேண்டவே வேண்டாம். எஸ்2000 வைத்திருப்பவர்கள் 75டபிள்யூ-90 பக்கமே போக வேண்டாம். ஹோண்டா அதற்குத் தன் எம்டிஎஃப் என்கிற கியர்பாக்ஸ் ஆயிலைச் சொல்கிறது, அது இதைவிட நன்றாக மெலிந்த ஆயில்.

90 என்ற எண்ணைப் பார்த்து, "எஞ்சின் ஆயிலே 30-தான், இது தேன் மாதிரி இருக்குமே" என்று பயந்து இன்னும் மெலிந்ததைத் தேடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 100 டிகிரி செல்சியஸில் அளந்தால் 90 எண் கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, 40 அல்லது 50 எண் எஞ்சின் ஆயிலின் கெட்டித்தன்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது பாட்டில்

ஐந்து கியர் பெட்டிக்கு 2 லிட்டர். இங்கே ஆயில் விற்பது குவார்ட் கணக்கில். ஒரு பாட்டில் 946 மில்லி. இரண்டு பாட்டில் வாங்கினால் 1.89 லிட்டர். நூற்றுச் சொச்சம் மில்லி குறையும். பாதி வேலையில், கை முழுக்கக் கறுப்பு எண்ணெயோடு, கடைக்குப் போக வேறு வண்டி இல்லாமல் நிற்பீர்கள். முதலிலேயே மூன்று வாங்கிவிடுங்கள். ஆறு கியர் பெட்டி என்றால் 1.75 லிட்டர்தான், இரண்டு போதும்.

அந்த மூன்றாவது பாட்டிலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, பலருக்கும் தெரியாத வேலை. ஐந்து கியர் பெட்டியில் கியர் லீவரின் அடிமுனை உட்காரும் இடம் ஒரு தனிக் கிண்ணம். டரட் என்பார்கள். அதற்குத் தனியாக ஆயில் உண்டு, சுமார் 90 மில்லிதான். கீழே ட்ரெய்ன் பிளக்கைத் திறந்தால் இந்த ஆயில் வடியாது. பெட்டி ஆயிலை ஐந்து முறை மாற்றியிருந்தாலும் இங்கே இருப்பது தொழிற்சாலையில் ஊற்றியதாகவே இருக்கலாம்.

நான் திறந்தபோது என்ன இருந்தது தெரியுமா? காருக்குள் உட்கார்ந்தபடியே லீவரின் குமிழைத் திருகிக் கழற்றி, நடுப்பெட்டியை எடுத்து, மேல் ரப்பரை உரித்தால் மூன்று 10 மில்லிமீட்டர் போல்ட்கள். அவற்றை எடுத்து லீவரை மேலே இழுத்தேன். அடியில் கஷாயம் போல ஏதோ கொஞ்சம், அதில் மிதக்கும் ரப்பர் துணுக்குகள். உள் ரப்பர் உறை கிழிந்து, பாதி அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே கரைந்திருந்தது. கோடையில் கியர் லீவரைச் சுற்றி ஏன் அனல் அடிக்கிறது என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் விடை கிடைத்தது. பழையதை சிரிஞ்சால் உறிஞ்சி, துணியால் துடைத்து, புது உறை போட்டு, மீந்த ஆயிலில் 90 மில்லி ஊற்றினேன். பெட்டிக்கு ஊற்றிய 2 லிட்டரை விட இந்த 90 மில்லியில்தான் வித்தியாசம் அதிகம் தெரிந்தது என்றால் நம்ப மாட்டீர்கள்.

ஃபில் துளை பக்கவாட்டில் இருப்பதால் பாட்டிலைக் கவிழ்த்து ஊற்ற முடியாது. பாட்டில் வாயில் திருகும் கைப் பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது எஞ்சின் பக்கத்திலிருந்து ஒரு நீளக் குழாயை இறக்கி, மேலே புனல் வைத்து ஊற்றலாம். குளிர்காலத்தில் பாட்டில்களை முந்தின இரவே வீட்டுக்குள் வைத்திருந்தால் கை வலி மிச்சம்.

மூடும்போது

வடிந்த பிறகு ட்ரெய்ன் பிளக்கின் உள்முனையைத் துடைக்காமல் முதலில் பாருங்கள். அதில் காந்தம் இருக்கும். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் கவலை இல்லை. அது வழக்கமான தேய்மானம். விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நெருடினாலோ, பல் துண்டு போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தாலோ யோசிக்க வேண்டும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதைத் தட்டில் இருக்கும் ஆயிலில்தான் தேட வேண்டும். டார்ச் அடித்தால் தங்கப்பொடி தூவினது போல மினுக்கும். கொஞ்சம் மினுக்கினால் வயது. நிறைய மினுக்கினால் சிங்க்ரோ.

வாஷர் புதிதாகப் போடுங்கள், சில்லறைக் காசு விஷயம். பெட்டியின் உடம்பு அலுமினியம். "ஒழுகக் கூடாதே" என்று முழு பலத்தையும் போட்டு முடுக்கினால் மரை போய்விடும். இரண்டு பிளக்குக்கும் முடுக்கும் அளவு வேறு வேறு. சர்வீஸ் புத்தகத்தில் அளவைப் பார்த்து, முடுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்குங்கள்.

புது ஆயிலுக்குப் பிறகும் கியர் கத்தினால் ஆயிலைத் திட்டுவதற்கு முன் கிளட்ச்சைப் பாருங்கள். இந்த வண்டிகளில், மிதியை அழுத்தும்போது எண்ணெய் அழுத்தத்தால் கிளட்ச்சைப் பிரிக்கிற ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது சர்வ சாதாரணம். ஒழுகினால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. ரிவர்ஸ் போட்டாலே கத்தும். பானட்டைத் திறந்து கிளட்ச் எண்ணெய்க் கிண்ணத்தில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். மூன்று விதமான கியர் ஆயிலை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஸ்லேவ் சிலிண்டரில் வந்து நின்றவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பழைய ஆயிலைக் காலி பாட்டில்களிலேயே ஊற்றி மூடிக் கொண்டுபோனால், ஆட்டோசோன் மாதிரி உதிரிபாகக் கடைகளில் காசு வாங்காமல் எடுத்துக்கொள்வார்கள். பிரேக் எண்ணெயோ கூலண்டோ அதில் கலந்திருக்கக் கூடாது. அந்த வாடை மட்டும் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது, என்ன சோப்பு போட்டாலும் சரி.

வண்டியை இறக்கிய அன்று இரவு கியர்பாக்ஸுக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் நடுவில் ஒரு சொட்டு. நெஞ்சு திக்கென்றது. தொட்டு முகர்ந்து பார்த்தேன். கந்தக வாடை இல்லை. ஏசி தண்ணீர்.