நாய் கடிப்பதற்கு முன்னால் என்னென்ன சொல்லுகிறது

"ஒன்றும் செய்யாது, பயப்படாமல் வாங்கோ அன்ரி" என்று வீட்டுக்காரர் கேற்றடியில் நின்று கூப்பிடுவார். அவருக்குப் பக்கத்தில் நாய் உடம்பை விறைத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கும், வாலும் ஆடும். அந்த நேரத்தில் வீட்டுக்காரரின் சொல்லை விட்டுவிட்டு நாயின் உடம்பை நம்புங்கள். "திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படுகிற கடிகளைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள், அதற்கு முன்பே அந்த நாய் பல தடவை தள்ளிப் போகச் சொல்லியிருக்கும், பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் அது விளங்கியிருக்காது.

வால் ஆடினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டதை முதலில் தள்ளி வையுங்கள். நாயின் மனதில் ஏதோ கிளர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் வாலாட்டல் காட்டும், அது ஆசையாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். நடு உயரத்தில் தளர்வாக, இடுப்பும் சேர்ந்து ஆடும்படி அகலமாக வீசினால் நல்லது. மேலே தூக்கி, விறைப்பாக, நுனி மட்டும் படபடவென்று துடித்தால் கிட்டப் போகாதீர்கள். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். சொந்தக்காரரைக் கண்ட நாய்களின் வால் அவற்றின் வலப் பக்கம் கூடுதலாக வீசியது, மிரட்டும் தோற்றமுள்ள புது நாயைக் கண்டபோது இடப் பக்கம் சாய்ந்தது. தெருவில் நின்று இதை அளக்க முடியாது, சரி, ஆனால் வாலாட்டலில் பல வகை உண்டு என்பதற்கு இது போதும். பொமரேனியனுக்கு வால் எப்போதும் முதுகில் சுருண்டிருக்கும், சில டோபர்மன்களுக்கு வாலே வெட்டியிருப்பார்கள், ஆகவே வாலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் முதலில் பார்ப்பது வாயை. கொழும்பின் புழுக்கத்தில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது வழக்கமான விஷயம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. அப்படி இளைத்துக்கொண்டிருந்த நாய் உங்கள் கை கிட்டே வந்ததும் சட்டென்று வாயை மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டதுபோல் அசையாமல் நின்றால், கையை மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். அந்த ஒரு நொடி உறைதல்தான் இருக்கிற அடையாளங்களிலேயே முக்கியமானது, பல நாய்கள் உறுமுவதற்கும் முன்னால் இதைத்தான் செய்யும். மறுபக்கமாக, ராத்திரி ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிற நாய் காரணமில்லாமல் வேகமாக இளைத்தால் அது வெக்கையாக இல்லாமல் பதற்றமாக இருக்கலாம். புதுவருடத்துக்கும் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்கிறபோது கட்டிலுக்குக் கீழே போய் இப்படி இளைக்கிற நாய்கள் எத்தனை! அந்த நேரம் இழுத்து வெளியே எடுக்காதீர்கள், கிட்ட இருந்தால் போதும்.

அப்புறம் கண். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க, கண் மட்டும் உங்களைப் பார்த்து, ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரித் தெரிகிறதா? அது சங்கடம். பிள்ளைகள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடுக்கிற போட்டோக்களைத் தேடிப் பாருங்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நாயின் காது பின்னால் ஒட்டியிருக்கும், கண்ணில் வெள்ளை தெரியும், நாக்கு மூக்கு நுனியை நக்கிக்கொண்டிருக்கும். சாப்பாடு எதுவும் இல்லாத நேரத்தில் மூக்கை நக்குவது, நித்திரை வராதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, முன்காலைத் தூக்கி வைத்திருப்பது, நனையாமலே உடம்பை உதறுவது, இவையெல்லாம் "கொஞ்சம் விடுங்களேன்" என்று நாய் தன்மையாகச் சொல்லும் விதங்கள். ஒன்று மட்டும் தெரிந்தால் தற்செயலாக இருக்கலாம், இரண்டு மூன்று அடுத்தடுத்து வந்தால் பிள்ளையைத் தள்ளி எடுங்கள். கட்டிப்பிடிப்பது எங்களுக்கு அன்பு, பெரும்பாலான நாய்களுக்கு அது தப்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்வது.

நாய்க்குத் தடவுவது பிடிக்கிறதா என்று அதையே கேட்கலாம். பக்கவாட்டாக நின்று, நெஞ்சிலோ தோளிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். தலையை உங்கள் கைக்குள் தள்ளினால், உடம்பைச் சாய்த்தால், இன்னும் வேண்டும் என்று அர்த்தம். அசையாமல் நின்றாலோ விலகினாலோ போதும் என்று அர்த்தம். மாமா மாமி வீட்டு நாயாக இருந்தாலும், நீங்கள் குட்டியிலிருந்து தெரிந்த நாயாக இருந்தாலும், பிள்ளைகளுக்கு இதைப் பழக்குங்கள்.

உறுமினால் அடிக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் நிறைய. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. அடி வாங்கிய நாய் உறுமாமல் இருக்கப் பழகும், ஆனால் அதன் பயமோ வலியோ அப்படியே உள்ளே இருக்கும், பிறகு எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். எதற்கு உறுமியது என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். இதோடு சேர்ந்த இன்னொன்று: செருப்பைக் கடித்துவிட்டுத் தலையைக் குனிந்து, காதை மடக்கி நிற்கிறதே, அது குற்றவுணர்வு என்று நினைக்கிறோம். 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தபோது, நாய் தப்புச் செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த முகம் வரவில்லை, சொந்தக்காரர் ஏசும்போதுதான் கூடுதலாக வந்தது. உங்கள் கோபத்தைத் தணிக்கத்தான் அது அப்படி நிற்கிறது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தொடர்மாடிகளில் நாய் வளர்க்கிறவர்களுக்கு லிப்ட் பெரிய சோதனை. கதவு திறந்ததும் முன்னுக்கு ஒரு ஆள் நேருக்கு நேர் நிற்பார், நாய்க்கு விலகிப் போக இடமே இல்லை. நாயை மூலைப் பக்கமாக விட்டு நடுவில் நீங்கள் நில்லுங்கள், சங்கிலியை இறுக்காமல் குட்டையாகப் பிடியுங்கள், ஆட்கள் நிறைந்திருந்தால் அடுத்த லிப்டுக்குக் காத்திருங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: குனிந்து, கண்ணுக்குள் பார்த்து, தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோவது நாய்களின் பாஷையில் மரியாதை இல்லாத செயல்.

இரண்டு நாய்கள் சந்திக்கிறபோதும் இதே கதைதான். மரியாதையான நாய்கள் நேர்கோட்டில் வரமாட்டா, வளைந்து வந்து பின்பக்கம் மோந்து பார்த்து விலகும். காலிமுகத்திடலிலோ மரைன் டிரைவிலோ நாங்கள் சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு முகம் கொண்டுபோய் நிறுத்துகிறோம், பிறகு சண்டை பிடிக்கிறது என்று நாயைக் குறை சொல்லுகிறோம். சங்கிலியைத் தளர்த்துங்கள், அரைவட்டமாகச் சுற்றி வாருங்கள், இரண்டு மூன்று விநாடி மோந்ததும் சந்தோஷமான குரலில் கூப்பிட்டு நகருங்கள். முதுகு மயிர் சிலிர்த்தால் உடனே பயப்பட வேண்டாம், எங்களுக்கு மயிர்க்கூச்செறிவது மாதிரி அதுவும் நாயின் கட்டுப்பாட்டில் இல்லை, பரபரப்பை மட்டுமே காட்டுகிறது.

விளையாட்டா சண்டையா என்று தெரியாவிட்டால் மாறி மாறி நடக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டில் முன்காலைத் தரையில் பதித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக் கும்பிடுவதுபோல் நிற்கும், துரத்தியதே பிறகு ஓடும், பெரியது வேண்டுமென்றே கீழே விழுந்து கொடுக்கும், நடுவில் நின்று உதறிவிட்டுத் தொடங்கும். ஒன்று மட்டும் எப்போதும் கீழே கிடந்தால், வாலைக் கவட்டுக்குள் சொருகினால், உங்கள் கால்களுக்குப் பின்னால் ஒளிந்தால், பிரித்து விடுங்கள்.

தெருநாய்கள் விஷயம் வேறு. ஒழுங்கைக்குள் ஒரு கூட்டம் உங்களைப் பார்த்துக் குரைத்து வந்தால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். நில்லுங்கள், கையை உடம்போடு வையுங்கள், கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டாகத் திரும்பி, முதுகைக் காட்டாமல் மெதுவாக நகருங்கள். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடக்கலாம். கல் எடுக்கக் குனிவது அன்றைக்கு வேலை செய்யும், ஆனால் ஆட்களைக் கண்டாலே பயப்படுகிற நாய்களை அந்த ஒழுங்கைக்கு அதுவே உருவாக்கிவிடும். குட்டிகளோடு இருக்கிற தாய் நாயையும், குப்பைக்குள் சாப்பிடுகிற நாயையும் சுற்றிப் போங்கள்.

சாதுவான நாய் திடீரென்று ஆளே மாறினாலோ, விழுங்க முடியாமல் வீணீர் வடித்தாலோ, தள்ளாடினாலோ, மேலே சொன்ன எதையும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விசர் நோயாக இருக்கலாம், தூர நில்லுங்கள், மற்றவர்களையும் கிட்டப் போக விடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், தெரிந்த வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சளோ கோப்பித் தூளோ பூசாதீர்கள், அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். கடித்த நாயை அடித்துக் கொல்ல விடாமல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், அது உயிரோடு இருக்கிறதா, எப்படி நடக்கிறது என்று டாக்டர் கேட்பார்.