காலரை இழுக்காதீர்கள், கையைச் சுருட்டுங்கள்

தடுப்பூசி போட்ட கை ஓரிரு நாள் வலிக்கத்தான் செய்யும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது, அப்புறம் மறந்தே போகும். ஆனால் சிலருக்கு வாரக்கணக்கில் வலி விடாது. தலை வாரக் கை மேலே வராது, பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியாது. ஊசி தவறான இடத்தில் இறங்கியதால் தோளுக்கு வரும் இந்தக் கோளாறை மருத்துவர்கள் ‘சிர்வா’ என்கிறார்கள். அடிக்கடி வருவதில்லை, வந்தால் லேசில் விடுவதுமில்லை.

பாதித் தவறு நம் சட்டையில் இருக்கிறது. முழுக்கைச் சட்டையோடு போய் உட்கார்ந்து, மேல் பொத்தான்களைக் கழற்றி காலரை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டுவோம். அப்போது வெளியே தெரிவது தோளின் உச்சி மட்டும்தான். தெரிகிற இடத்தில்தானே நர்ஸ் குத்துவார்? கையை மேலே சுருட்ட முடியாவிட்டால் சட்டையைக் கழற்றிவிடுங்கள். வெட்கம் பார்க்கிற இடமில்லை இது.

தோளின் வெளி ஓரத்தைத் தடவினால் எலும்பு முடிகிற முனை விரலில் தட்டும். அதற்குக் கீழே இரண்டு மூன்று விரல் அகலம் விட்டு, சதை திரண்டிருக்கும் இடம்தான் ஊசிக்கு உரியது. அதற்கு மேலே போனால், தசைக்கு அடியில் உராய்வைத் தடுக்கும் ‘பர்சா’ என்ற பைக்குள் மருந்து போய்விடலாம். உடலின் எதிர்ப்பைக் கிளப்பிவிடுவதுதான் தடுப்பூசியின் வேலை. அது தசைக்குள் நடந்தால் சரி. மூட்டை ஒட்டிய பைக்குள் நடந்தால் அழற்சி. அதற்காக ரொம்பக் கீழேயும் கூடாது, ரேடியல் நரம்பு அங்கே எலும்பை ஒட்டி ஓடுகிறது.

போடுபவர் நின்றுகொண்டும் நாம் உட்கார்ந்துகொண்டும் இருந்தால் ஊசி மேலிருந்து சாய்வாக இறங்கும். இருவரும் உட்கார்ந்திருப்பது நல்லது. ஊசியின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 25 மி.மீ. போதும். ஒல்லியான கையில் பெரிய ஊசி எலும்பு வரை போய்விடும்.

அடுத்த தவறு, ‘ஊசி வலிதானே, போகப்போகச் சரியாகிவிடும்’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பது. இந்த வலி பொதுவாக ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். அமெரிக்கா 2017-ல் இதைத் தன் தடுப்பூசி இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தபோது வைத்த வரம்பும் அதுதான். வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் மடித்தே வைத்திருந்தால் தோள் இறுகிப்போய் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ வரை போகலாம். வலி மாத்திரை, பிசியோதெரபி, தேவைப்பட்டால் மூட்டருகே ஸ்டீராய்டு ஊசி என்று சிகிச்சை இருக்கிறது.

எலும்பு மருத்துவரிடம் போனால் ‘தோள் வலி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தடுப்பூசி போட்ட தேதி, எந்தக் கை, எத்தனை மணி நேரத்தில் வலி ஆரம்பித்தது, மூன்றையும் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால், சுமை தூக்கினீர்களா என்றுதான் முதலில் கேட்பார்.