புதுத் துணியை முதன்முறை உடுத்துவதற்கு முன்

கடையிலிருந்து வந்த புதுத் துணியில் நெசவுக்காக ஏற்றிய கஞ்சியும், நூலில் பிடிக்காமல் தங்கிய சாயமும், சில சட்டைகளில் சுருக்கம் விழாமலிருக்க ஏற்றிய ஃபார்மால்டிஹைடு பிசினும் இருக்கக்கூடும் என்பதால், குழந்தைகளும் எளிதில் அரிப்பு வருவோரும் அதை அலசாமல் உடுத்தலாகாது. குண்டூசிகளையும் விலைச்சீட்டையும் அகற்றிய பின், உள்மடிப்பில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாகவே அலச வேண்டும். கல்லுப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நான் நம்புவதில்லை, உப்புக்கு இங்கே ராமநாதபுரம் கடற்கரையில் பஞ்சமில்லை என்றாலும்.

உண்மையான சிக்கல் தண்ணீர்தான். கீழக்கரை முதல் மண்டபம் வரை பல கிணறுகளில் ஊறுவது உவர்நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, நுரைக்கு மாறாக வெண்படிவாகித் துணியில் தங்கிவிடுவதால், சோப்புக் கட்டியைத் தவிர்த்துச் சலவைத்தூளைப் பயன்படுத்தி, கடைசி அலசலுக்காவது காவிரிக் குழாய் நீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ எடுத்துக்கொள்வது நல்லது. பரமக்குடித் தறியில் நெய்த பட்டுச் சேலையை நனைக்காமல், நிழலில் காற்றாட விரித்தாலே போதும். மற்றவற்றை உட்புறம் வெளியே வரத் திருப்பி, கடற்காற்று நேரே அடிக்காத முற்றத்தில் உலர்த்த வேண்டும். கரையோரக் கொடியில் காயும் துணியில் உப்புப் படிந்து, அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும்.