தலையடிக் குறிப்பேடு: ஆடும் பிள்ளைகளின் வீட்டாருக்கு

டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையின் முழங்கால் சிராய்ப்பு உடனே கண்ணில் படும். தலையில் வாங்கிய அடி படாது. பள்ளி அணிக்கு ஒரு கோச், கிளப்புக்கு இன்னொருவர், தெரு ஆட்டத்துக்கு எவருமே இல்லை என்பதால், தலை குலுங்கி மூளையின் வேலை சிறிது காலம் தடுமாறும் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) இதுவரை எத்தனை முறை நேர்ந்தது என்ற கணக்கை வீட்டார்தாம் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்.

ஒவ்வோர் அடிக்கும் ஒரு பதிவு எழுதுங்கள். மாதிரிக்கு: “மே 11. ரக்பியில் எதிராளியை மடக்கி வீழ்த்தும் டாக்கிளில் அவன் இடுப்பு தலையில் மோதியது. மயங்கவில்லை. ஸ்கோர் என்னவென்று இரண்டு தடவை கேட்டான். இரவில் விளக்கொளிக்குக் கண் கூசியது. ஆறாம் நாள் தலைவலி நின்றது.” மருத்துவருக்கு மிகவும் பயன்படுவது அந்த ஸ்கோர் வரிதான். மயங்கி விழாமலே மூளை அதிர்ச்சி ஏற்படுவது வழக்கம். ஸ்கேன் இரத்தக் கசிவைத் தேடுவதற்கானது. நரம்பிழைகள் இழுபட்டதை அது பெரும்பாலும் காட்டாது. ஆகவே ‘ஸ்கேன் சுத்தம்’ என்றதும் குறிப்பேட்டை மூடிவிட வேண்டாம்.

அடிபட்ட அன்று பிள்ளை மீண்டும் களத்தில் இறங்கக் கூடாது. தென்னாப்பிரிக்க ரக்பியின் பாக்ஸ்மார்ட் பாதுகாப்புத் திட்டம் கோச்சுகளுக்குக் கற்பிப்பதும் இதுவே. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைப்பேசியில் 112 அல்லது 10177 அழையுங்கள். மற்றபடி முதல் இரண்டு நாள் அளவான ஓய்வு போதும். இருட்டறையில் அடைத்து வைப்பது பழைய வழக்கம். பிறகு மெதுவான நடை, பள்ளி, ஓட்டம், மோதலில்லாப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு ஏற்றுங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகே மோதல் ஆட்டம். ஆறுவதற்குள் இரண்டாம் அடி பட்டால், அரிதாகவேனும், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

குறிப்பேட்டின் உண்மையான பயன் இரண்டாம், மூன்றாம் பதிவுகளுக்குப் பிறகே தெரியும். முதல் அடி ஆற 6 நாள் பிடித்திருக்க, அதைவிட இலேசான அடுத்த அடி ஆற 20 நாள் ஆனால், மோதல் ஆட்டத்தை நிறுத்தி நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதற்கு அதுவே போதிய காரணம். ஸ்க்ரம் கேப் என்னும் ரக்பி மெத்தைத் தொப்பி காதைக் காக்கும். மூளை குலுங்குவதைத் தடுக்காது.

கடைசிப் பக்கத்தை நெடுங்காலக் கணக்குக்கு ஒதுக்குங்கள்: எந்த ஆட்டம், எத்தனை ஆண்டு. அறிகுறி காட்டாத சிற்றடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் தீங்கு செய்யும் என்பதால், பந்தைத் தலையால் முட்டும் பயிற்சியையும் அதில் சேர்க்க வேண்டும். குத்துச்சண்டை வீரர்களிடம் கண்ட தடுமாற்றத்தை 1928-லேயே மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதினார். அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் டௌ என்னும் புரதம் திரண்டிருந்ததை நோயியல் மருத்துவர் பென்னெட் ஒமாலு 2005-இல் வெளியிட்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. (CTE) என்னும் இந்த மூளை நோயில் அப்புரதம் மூளை மடிப்புகளின் அடியில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றித் திரள்கிறது. 2003 ரக்பி உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் தாம்சன், அவ்வெற்றி தமக்கு நினைவில் இல்லை என்று 2020-இல் சொன்னார். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவருக்கு மறதி நோய் வந்திருந்தது.

முன்னாள் ஆட்டக்காரரான தந்தையோ மாமாவோ சிடுசிடுத்தால், சொல் மறந்தால், கணக்கில் தடுமாறினால், உடனே சி.டி.இ. என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதை இறந்தபின் மூளையைச் சோதித்தே உறுதிசெய்ய முடிகிறது. மனச்சோர்வு, தூக்கக் குறைவு, தைராய்டு, மது, நெடுங்காலச் சைவ உணவால் நேரும் பி12 குறைவு ஆகியவையும் இதே முகம் காட்டும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. அவற்றை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.